சும்பர்வாருவில் ஹார்ட் டிஸ்க் பதவியேற்ற வரலாறு

ஜாவாத் தீவின் சும்பர்வாரு பேட்டை அலுவலகத்தின் கணினிக்குள், சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்று நான்கு திருகாணிகளால் முறைப்படி பொருத்தப்பட்டது என்பதையும், பொருத்திய பின்னும் அப்படியொன்று உள்ளே இருப்பதாகக் கணினி ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் இதனால் தெரியப்படுத்திக்கொள்கிறேன். சொல்கிற நான் அந்த அலுவலகத்தின் பொதுப்பிரிவுத் தலைவன், திர்தோ. பத்தொன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறேன். இதற்குள் நாற்காலியை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், என்னை மாற்றவில்லை.

புது டிஸ்க் எதற்கு என்று கேட்பீர்கள். பழையது நிரம்பிவிட்டது. மக்களைப் பற்றிய விவரங்களால் நிரம்பியது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விவரங்கள் மாவட்டத் தலைமையகத்துக் கணினியில் இருக்கின்றன. எங்களிடம் இருந்தவை புகைப்படங்கள். திங்கட்கிழமை அணிவகுப்பு, வெள்ளிக்கிழமை உடற்பயிற்சி, சாக்கடையைப் பார்வையிடுதல், பார்வையிட்டதற்காகக் கட்டிய பேனரைப் பார்வையிடுதல் என்று ஆறு வருஷத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம் படங்கள். எங்கள் நாட்டு அலுவலகங்களில் ஒரு வேலை நடந்ததற்குச் சாட்சி அதன் படம்தான். படம் இல்லாவிட்டால் வேலை நடக்கவில்லை. படம் இருந்தால் வேலை நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே ஒரு படத்தைக்கூட அழிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது.

இதற்கும் முந்தின வருஷம்தான் எங்கள் அலுவலகம் முழுக்க டிஜிட்டல் ஆகிவிட்டது என்று கைதட்டி, கோஷம் போட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி அறிவித்திருந்தோம். எல்லாக் கடிதங்களையும் இனி 'கிலாத்' என்ற செயலிதான் கொடுக்கும். கிலாத் என்றால் எங்கள் மொழியில் மின்னல். தட்டச்சுப் பொறியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டோம். கிலாத் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் மூன்று நகல் அச்சடித்து இரும்புப் பெட்டியில் அடுக்கிவைப்போம். டிஜிட்டலுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டுமல்லவா? இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மின்னல், "சேமிக்க இடமில்லை, கடிதம் தர இயலாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

அப்படி அது உட்கார்ந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர் இபு லாஸ்மி. இபு என்றால் அம்மா; எங்கள் வாசலில் பெச்செல் விற்கிறவர். அவித்த கீரைமேல் அவர் ஊற்றுகிற வேர்க்கடலைச் சாந்து இல்லையென்றால் எங்கள் அலுவலகம் பத்து மணிக்கு மேல் நகராது. அவர் மகள் விவிட்டுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையன் சரக்குக் கப்பலில் வேலை, ஐந்து வாரம் விடுப்பில் வந்திருந்தான். பேட்டை அலுவலகத்திலிருந்து 'பெண் எங்கள் ஊர்தான், கல்யாணம் ஆகாதவள்தான்' என்று ஒரு கடிதம் வாங்கி, கல்யாணத்துக்குப் பத்து வேலை நாட்களுக்கு முன் திருமணப் பதிவகத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடைசி நாள், வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி. தவறினால் அடுத்து வருவது சூரோ மாதம். ஜாவாக்காரன் எவனும் சூரோவில் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டான். சூரோ முடிவதற்குள் மாப்பிள்ளை கப்பலேறிவிடுவான். மறுபடி வருவது பதினான்கு மாதம் கழித்து.

திங்கட்கிழமை காலை நிங்ரும் டிஸ்க்கைப் பொருத்தினாள். நிங்ரும் எங்கள் ஒப்பந்த ஊழியர்; எம்பாக், அதாவது அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். கணினி, அச்சுப்பொறி, மின்விசிறி, லூரா என்கிற பேட்டைத் தலைவரின் கைபேசி எல்லாம் அவள் பொறுப்பு. டிசம்பர்தோறும் அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று நாங்கள் கூடி யோசிப்போம். கணினியை முடுக்கினாள். பட்டியலில் புது டிஸ்க்கைக் காணவில்லை.

"கண்டுக்கவே மாட்டேங்குதே," என்றார் லூரா. அவர் பெயர் பாக் ஹர்ஜந்தோ, பாக் என்றால் ஐயா. மீசை நரைத்தவர், பேச்சு நரைக்காதவர்.

"எல்லாப் புது டிஸ்க்கும் இப்படித்தான் பாக். முதல் தடவை நாமதான் தொடங்கி வைக்கணும். உள்ள போயி நாலு தட்டு. ரெண்டு நிமிஷம்," என்றாள் நிங்ரும். தட்டினாள். திரையில் ஒரு கட்டம் வந்தது.

"என்ன கேக்குது?"

"இந்த டிஸ்க்ல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும், சம்மதமான்னு கேக்குது. சரின்னு அடிச்சா முடிஞ்சுது."

லூரா ஒரு அடி பின்னால் போனார். "அழிஞ்சிடுமா? கையை எடு. கையை எடு எம்பாக்!"

"உள்ள ஒண்ணுமே இல்ல பாக். புதுசு."

"ஒண்ணுமில்லன்னு யாரு எழுதிக் குடுத்தது?"

"கடையில உறை பிரிக்காம குடுத்தாங்க."

"கடைக்காரன் என்ன அரசாங்க ஊழியனா?"

இந்த இடத்தில் உடைமைப் பதிவாளர் இபு வுர்யானி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம பேட்டைக்கு ஒரு விருந்தாளி வந்து ஒரு ராத்திரி தங்கினாலே, இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள தெருத்தலைவர்கிட்டப் போயி சொல்லணும். முக்குக்கு முக்கு பலகை வச்சிருக்கோம். இது என்னடான்னா நிரந்தரமா தங்க வந்திருக்கு. பதிவு எண் கிடையாது, ஒப்படைப்புப் பத்திரம் கிடையாது, யாரும் அறிமுகம் பண்ணிவைக்கலை. திருகாணியை முடுக்கினா ஆச்சா? நான் கணினியா இருந்தாலும் ஒத்துக்க மாட்டேன்."

லூரா கணினியின் தலையில் தட்டிக்கொடுத்தார். "பாத்தீங்களா, நம்மளவிட இதுக்கு அலுவலக ஒழுங்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு," என்றார். உடனே ஒரு தாளில் 'முறைப்படி அறிமுகம் ஆகும்வரை யாரும் தொடக் கூடாது' என்று எழுதி, முத்திரை குத்தி, விசைப்பலகைமேல் ஒட்டிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பதிவு எண் வந்தது. பதினெட்டு இலக்கம். அதை ஒட்டுத்தாளில் அச்சடித்து உடைமையின்மேல் 'கண்ணுக்குத் தெரியும்படி' ஒட்ட வேண்டும் என்பது விதி. டிஸ்க்கோ பெட்டிக்குள் இருக்கிறது. கழற்றினோம், ஒட்டினோம், மாட்டினோம். தெரியவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்துபோடலாம் என்றாள் நிங்ரும். மூடிக்குத் தனிப் பதிவு எண் இருக்கிறது, அதைப் பிரித்து வைக்க முடியாது என்றார் இபு வுர்யானி. கடைசியில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் வந்து மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக்கொடுத்தான். குனிந்து பார்த்தால் பதினெட்டு இலக்கமும் பளிச்சென்று தெரியும். லூரா குனிந்து பார்ப்பதை நாலு கோணத்தில் படம் எடுத்தோம்.

புதன்கிழமை வெறுமை ஆய்வுக் குழு கூடியது. டிஸ்க்கில் ஒன்றுமில்லை என்று சான்று கொடுக்க மூன்று பேர். லூரா, இபு வுர்யானி, நான். வெறும் கண்ணால் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தோம். படிவத்தில் 'உள்ளடக்கப் பட்டியலை இணைக்கவும்' என்று இருந்தது. ஆகவே ஒரு வெள்ளைத்தாளில் 'பட்டியல்' என்று தலைப்புப் போட்டு, ஒன்று முதல் பத்து வரை எண் எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக ஒரு கோடு இழுத்து, மூவரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கோடுகள் நேராக வந்திருந்தன.

அந்தச் சான்றை ஏற்றுவதற்கு ஆய்வு நடந்த படத்தையும் கணினியில் சேமித்தாக வேண்டும். சேமிக்க இடமில்லை. இடம் வேண்டுமென்றால் புது டிஸ்க் வேண்டும். புது டிஸ்க்குக்குச் சான்று வேண்டும். சான்றுக்குப் படம் வேண்டும்.

"ஒரே ஒரு பழைய படத்தை அழிச்சா போதும் பாக்," என்றாள் நிங்ரும். அவள் குரல் அன்று கொஞ்சம் கிறீச்சிட்டது.

எந்தப் படத்தை என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டோம். லூரா மரக்கன்று நடும் படம் ஒன்றில் கண்ணை மூடியிருந்தார். அதை அழிக்கலாமா என்றால், "அது பிரார்த்தனை," என்றார். இபு வுர்யானி சாக்கு ஓட்டப் போட்டியில் கீழே விழுந்த படத்தை அவரே கொடுக்க மறுத்தார், அந்தப் படத்தில்தான் அவர் இளைத்துத் தெரிகிறாராம். பிறகு என் படம் ஒன்று வந்தது. பன்னிரண்டு வருஷப் பணிக்கு நான் சான்றிதழ் வாங்குவது. பின்னணியில் ஒருவன் கொட்டாவி விடுகிறான், மூலையில் யாருடைய கட்டைவிரலோ தெரிகிறது, மொத்தமும் கலங்கல். "இதை எடுத்துடலாமா பாக் திர்தோ?" என்று நிங்ரும் என்னைக் கெஞ்சலாகப் பார்த்தாள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். முடியாது என்றேன், அவ்வளவுதான். சான்றை விழாவுக்குப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, கூட்டம் நடந்ததற்குச் சாட்சியாக லூராவின் கைபேசியில் முப்பத்திரண்டு படம் எடுத்துக்கொண்டு கலைந்தோம்.

வாசலில் இபு லாஸ்மி காத்திருந்தார்.

"என்னாச்சு பாக்?"

"நாளைக்கு விழா வச்சு முறையா அறிமுகம் பண்ணப் போறோம் இபு. வட்டார அதிகாரி வர்றாரு. அது முடிஞ்சதும் முதல் கடிதம் உங்களுக்குத்தான்."

"அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறதுக்கு விழாவா?"

"ஆமா. நீங்கதான் தும்பேங் செய்யணும். மஞ்சச்சோறு, கூம்பு நல்லா உயரமா வரணும்னு லூரா சொன்னாரு."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் புதுசா ஒரு சட்டி வாங்கினா கழுவி அடுப்புல வைப்பேன். நீங்க ஜாதகம் பாத்து, சொந்தக்காரங்களைக் கூப்ட்டு, விருந்து வச்சு கல்யாணம் பண்றீங்க. அதுக்கு சமைக்கவும் நானேதான் வரணும். எம்பொண்ணு கல்யாணம் மட்டும் வேண்டாம். அப்படித்தானே?" சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் அன்று சாந்தை அவர் கொஞ்சம் கம்மியாகத்தான் ஊற்றினார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு விழா. எல்லோரும் பாத்திக் சட்டையில் வந்திருந்தோம். கணினியைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். பின்னால் பேனரில் டிஸ்க்கின் படமும் லூராவின் படமும் இருந்தன, லூராவின் படம்தான் பெரிது. மேஜையில் இபு லாஸ்மியின் தும்பேங் கோபுரம் போல நின்றது. அவர் சுவரோரமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வட்டார அதிகாரி வேறொரு விழாவில் இருந்தார். அங்கிருந்து இன்னொரு விழாவுக்குப் போனார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால்.

முதலில் வழியனுப்பும் வரவேற்பும். ஒரு அதிகாரி மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்தால் இருவரையும் வைத்து நடத்துவோமே, அதேதான். பழைய டிஸ்க்கின் ஆறு வருஷ சேவையைப் பாராட்டி லூரா இருபது நிமிஷம் பேசினார். 'ஓய்வறியாது சுழன்றவர்' என்றபோது கைக்குட்டையை எடுத்தார். புது டிஸ்க் 'முன்னவர் காட்டிய வழியில்' நடக்கும் என்று வட்டார அதிகாரி நம்பிக்கை தெரிவித்தார். பிரார்த்தனை முடிந்தது. மணி ஒன்று இருபது. நிங்ரும் திரையில் புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, எல்லாம் தயாராக வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"பாக், சரிங்கற பொத்தானை மட்டும் அழுத்துங்க. வேற எதையும் தொடாதீங்க."

லூரா மவுஸின்மேல் கை வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணை மூடிட்டீங்க பாக், இன்னொண்ணு," என்றார் படம் எடுத்தவர்.

"வட்டார அதிகாரியும் கை வைக்கட்டுமே!"

"இபு வுர்யானி, நீங்க மறைக்கிறீங்க. கொஞ்சம் இப்படி."

"எல்லாரும் கட்டைவிரல்!"

மவுஸின்மேல் இப்போது ஐந்து கைகள் இருந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. திரையின் பட்டியலில் அம்புக்குறி கொஞ்சம் மேலே போயிற்று, கொஞ்சம் கீழே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் எல்லோருமாக அழுத்தினோம். சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினோம். நிச்சயமாகவா என்று கேட்டது. கைதட்டிக்கொண்டே நிச்சயம் என்று அழுத்தினோம்.

ஒரு நிமிஷத்தில் திரையில் பெரிய வெற்றிடம் காட்டியது. கிலாத் கண் திறந்தது. மின்னல் என்று பெயர் வைத்த நாளிலிருந்து முதல் தடவையாக மின்னல் போலவே ஓடியது. விவிட்டின் கடிதம் அச்சுப்பொறியிலிருந்து சூடாக வந்து விழுந்தது. இபு லாஸ்மி "அல்ஹம்துலில்லா!" என்று அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வட்டார அதிகாரி தும்பேங்கின் முனையை வெட்டி லூராவுக்குக் கொடுத்தார்.

நிங்ரும் மட்டும் வெளிறிப்போய் என் சட்டை நுனியை இழுத்தாள்.

"பாக் திர்தோ, அழிஞ்சது பழைய டிஸ்க்ல படம் வச்சிருந்த பாகம்."

"என்னது?"

"எல்லாப் படமும் போச்சு. ஆறு வருஷம். புதுசை இன்னமும் அது கண்டுக்கவே இல்ல. இப்ப கடிதம் வந்தது பழசுல இடம் கிடைச்சதாலதான்."

வெளியே சொன்னால் விழா செல்லாது. விழா செல்லாவிட்டால் அதன்பின் வந்த கடிதம் செல்லாது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று நாற்பது. இபு லாஸ்மியைப் பார்த்தேன். "வாயத் தொறக்காத," என்று நிங்ருமிடம் சொல்லிவிட்டு, அவரை என் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். திருமணப் பதிவகத்தில் ஜன்னலை இழுத்துச் சாத்தப் போனவரின் கைக்கும் சட்டத்துக்கும் நடுவே இபு லாஸ்மி கடிதத்தை நுழைத்துவிட்டார். கல்யாணம் குறித்த நாளில், சூரோ பிறப்பதற்கு முந்தின நாள், நன்றாகவே நடந்தது.

படங்கள் போனது தெரிந்து யாராவது கத்துவார்கள் என்று நானும் நிங்ருமும் ஒரு மாதம் காத்திருந்தோம். யாரும் தேடவில்லை. தணிக்கைக்கு வந்தவர் ஆறு வருஷப் பணிக்குச் சாட்சி கேட்டார். லூரா டிஸ்க் விழாப் படத்தைக் காட்டினார். அவர் திருப்தியாகி, மூடியிலிருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். என் சான்றிதழ்ப் படம் போனதில் எனக்கு மட்டும் வருத்தம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இடையில் எங்கள் கணினியின் வேகம் மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. இங்கே ஒரு அலுவலகத்தில் ஏதாவது நன்றாக நடந்துவிட்டால் மற்ற அலுவலகங்கள் ஒரே நிறச் சட்டை தைத்துப் பேருந்து பிடித்துப் பார்க்க வந்துவிடும். வந்தார்கள். பதிவு எண், ஜன்னல், வெற்றுப் பட்டியல், வழியனுப்பு, ஐந்து கைகள் என்று லூரா படிப்படியாக விளக்கினார். அவர்களும் ஊருக்குப் போய் அப்படியே ஐந்து கை வைத்து அழுத்தினார்கள். இதுவரை பதினோரு அலுவலகங்கள். எல்லாக் கணினியும் இப்போது மின்னலாக ஓடுகிறது. எங்கேயும் எதுவும் காணாமல் போனதாக ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை இப்படி ஒரு டிஸ்க்கை வரவேற்க வேண்டும் என்று மாவட்டமே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

போன வாரம் பன்னிரண்டாவது குழு வந்தது. தலைவியாக வந்த அம்மாள் கெட்டிக்காரி. விளக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு, இபு லாஸ்மியின் கடையில் பெச்செல் சாப்பிட உட்கார்ந்தபோது நிங்ரும் பக்கமாகச் சாய்ந்து கேட்டார்:

"நீதானே எம்பாக் இதெல்லாம் பாக்கறே? இத்தனை படியில உண்மையா எந்தப் படியில கணினி ஒத்துக்கிச்சு?"

நிங்ரும் கரண்டியைக் கீழே வைத்தாள். "உண்மையைச் சொல்லவா இபு? அந்தப் புது டிஸ்க்கை இன்னிக்கு வரைக்கும்..."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. இபு லாஸ்மி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வேர்க்கடலை வடகத்தை அவள் வாயில் திணித்திருந்தார். "நல்லா சாப்பிடும்மா, எளைச்சுட்டே," என்றவர், அவள் காதருகே குனிந்து, "ஏழு தும்பேங்குக்கு முன்பணம் வாங்கியாச்சுடி. கொஞ்சம் சும்மா இரு," என்றார். பிறகு நிமிர்ந்து அந்த அம்மாளிடம், "படி கிடியெல்லாம் ஒண்ணும் இல்ல இபு. எல்லாம் இந்த மஞ்சச்சோத்துலதான் இருக்கு. கூம்பு நேரா நிக்கணும், முனை உடையக் கூடாது. உடைஞ்சா மெஷின் ஒத்துக்காது. வெளி ஆளுங்களுக்கு அது கைவராது," என்றார்.

அந்த அம்மாள் குறிப்பேட்டைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு விதி ஏதாவது இருக்கா பாக்?"

நிங்ரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இபு லாஸ்மி சாந்துக் கரண்டியை என் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கே," என்றேன். "அறுபது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது."

அந்த அம்மாள் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டார்.